பழைய லேப்டாப்பில் வேறு கம்பெனியின் பெயர் வருகிறது: ஃபார்மேட் செய்தது எங்கள் தப்பா?

ஏற்காட்டைச் சேர்ந்த ஒரு மலைக்கிராமத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரியாத அளவுக்கு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கணவருக்கு காபி எஸ்டேட்டில் வேலை. மகள் சேலத்தில் விடுதியில் தங்கி பி.சி.ஏ. படிக்கிறாள். காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் சேர்த்த கூலியோடு குழுக் கடனையும் போட்டு, சேலத்தில் ஒரு கடையில் 21,000 ரூபாய்க்குப் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். 15,000 ரூபாய் ஜிபே, மீதி கையில். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் மாடலும் தொகையும் எழுதி, "சாஃப்ட்வேருக்குக் கடை பொறுப்பல்ல" என்று ரப்பர் ஸ்டாம்பு குத்திக் கொடுத்தார்களாம். மூன்று மாத வாரண்டி என்பது வாய்ப்பேச்சு.

இரண்டு மாதம் நன்றாக ஓடியிருக்கிறது. பிறகு திரையின் மூலையில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லி எழுத்து வந்து, வேகமும் குறைந்தது. டிப்ளமோ முடித்த அக்கா மகன், மகளின் பாடக் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றினான். செல்போன் ஹாட்ஸ்பாட்டை இணைத்ததுதான் தாமதம். "நம்ம பேரு கேக்கும்னு பாத்தா, ஏதோ பெங்களூர் கம்பெனி பேரைப் போட்டு, அவங்க ஆபீஸ் இமெயிலும் பாஸ்வேர்டும் கேக்குதுங்க. அதைத் தாண்டி ஒரு அடி போகலை" என்று எழுதியிருக்கிறார்.

கடைக்காரர், "யாரு உங்கள ஃபார்மேட் பண்ணச் சொன்னது? வாரண்டி போச்சு. 2,500 ரூபாய் குடுங்க, உடைச்சுத் தர்றோம்" என்கிறார். அக்கா மகன், "நெட் இல்லாம இன்ஸ்டால் பண்ணா தாண்டிரலாம் சித்தி" என்கிறான். கணவரோ, திருட்டுப் பொருளாக இருந்தால் வம்பு, எடுத்துப் பரணில் போடு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது, சரியான பில் இல்லாமல் வழக்குப் போட முடியுமா, செல்போனுக்கு இருப்பதுபோல் இது திருட்டுப் பொருளா என்று பார்க்க அரசு வெப்சைட் ஏதும் உண்டா என்பவை அவருடைய கேள்விகள்.

அம்மா, முதலில் உங்கள் அக்கா மகனை யாரும் திட்ட வேண்டாம். அவன் செய்ததில் தவறே இல்லை. பழைய லேப்டாப் வாங்கினால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றிக்கொள்வதுதான் நல்லது. முந்தையவர் எதை விட்டுவைத்துப் போனார் என்று யாருக்குத் தெரியும்? அவன் கோளாறு எதையும் உண்டாக்கவில்லை. விற்ற நாளிலேயே உள்ளே இருந்ததை வெளியே கொண்டுவந்திருக்கிறான்.

பெரிய நிறுவனங்கள் ஊழியர்களுக்கு வாங்கும் லேப்டாப்புகளின் வன்பொருள் அடையாளத்தை மைக்ரோசாஃப்ட்டிடம் தங்கள் பெயரில் பதிவு செய்து வைக்கும். விண்டோஸ் ஆட்டோபைலட் என்று இந்த ஏற்பாட்டைச் சொல்கிறார்கள். புதிதாக விண்டோஸ் ஏற்றி முதல்முறை இணையத்தில் இணைக்கும்போது, அந்த மெஷின் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் விசாரிக்கிறது. பதிவு இருந்தால், நீங்கள் பார்த்த அந்தத் திரை வரும். இந்தப் பூட்டு ஹார்ட் டிஸ்க்கில் இல்லை. அதனால் எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும், டிஸ்க்கையே மாற்றிப் போட்டாலும் போகாது. மதர்போர்டின் (லேப்டாப்பின் முக்கிய மின்சுற்றுப் பலகை) அடையாளத்தை வைத்து, சர்வரில் இருக்கிற பதிவு அது.

அப்படியானால் இரண்டு மாதம் எப்படி ஓடியது? பெரும்பாலும், கடையில் இணையத்தை இணைக்காமல் விண்டோஸ் ஏற்றிக் கொடுத்திருப்பார்கள். அந்த ஆக்டிவேஷன் எழுத்தும் கவனிக்க வேண்டிய ஒன்று. ஆபீஸ் உபயோகத்துக்கென்று விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்புகளில் விண்டோஸின் லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை ஏற்றி இணையத்தை இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும், காசு தர வேண்டியதில்லை. உங்களுடையது நடுவில் கேட்க ஆரம்பித்தது என்றால், கடையில் வேறு பதிப்பை ஏற்றித் திருட்டுத்தனமாக ஆக்டிவேட் செய்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இதை உறுதியாகச் சொல்ல மெஷினைப் பார்க்க வேண்டும். ஆனால் ஸ்டாம்பு குத்திக் கொடுத்ததன் காரணம் ஓரளவு புரிகிறது.

திருட்டுப் பொருளா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை லேப்டாப்புகளை மொத்தமாகக் கழித்து விற்கின்றன. வாடகைக்கு எடுத்தவை திரும்பிப்போய் ஏலத்துக்கு வருகின்றன. அப்படிப் போகும்போது சர்வரிலுள்ள பதிவை நீக்காமல் விட்டுவிடுவது சகஜம். செகண்ட் ஹேண்டில் பைக் வாங்குகிறீர்கள், முந்தையவர் கடனை முழுக்கக் கட்டிவிட்டார், ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ் கம்பெனியின் பெயர் இன்னும் நிற்கிறது, அந்தக் கடன் பதிவை (எச்.பி.) கேன்சல் செய்யவில்லை. அந்த மாதிரி விஷயமாக இது இருக்கலாம். அல்லது வேலையை விட்டுப் போன ஊழியர் திருப்பித் தராமல் விற்றதாக இருக்கலாம். ரயிலில் களவு போனதாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் திரையில் தெரிவது ஒரே பெயர்தான்.

நீங்கள் கேட்ட அரசு வெப்சைட் செல்போனுக்கானது. ஐ.எம்.இ.ஐ. எண்ணை வைத்து அது வேலை செய்கிறது. சாதாரண லேப்டாப்பில் அந்த எண் கிடையாது. லேப்டாப்புக்கு அப்படி ஒரு பொதுப் பட்டியல் இல்லை.

போலீஸ் பயத்துக்கு வருகிறேன். தெரியாமல் திருட்டுப் பொருளை வாங்குவது குற்றமாகாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66பி பிரிவும் சொல்வது இதுதான்: திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்ப நியாயமான காரணம் இருந்தோ, நேர்மையற்ற எண்ணத்தோடு அதைப் பெற்றாலோ வைத்துக்கொண்டாலோ குற்றம். மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கடையில், பகலில், ஜிபேயில் பணம் கட்டி வாங்கிய நீங்கள் இதற்குள் வரமாட்டீர்கள்.

ஆனால் 'வைத்துக்கொண்டாலோ' என்பதையும் சட்டம் சேர்த்திருக்கிறது, பாருங்கள். வாங்கிய அன்று உங்களுக்கு எதுவும் தெரியாது. இன்று திரையில் ஒரு கம்பெனியின் பெயரைப் பார்த்துவிட்டீர்கள். இனிமேல், இது யாருடையது என்று விசாரிக்காமல் பூட்டை உடைத்து ஓட்டினாலோ பரணில் ஒளித்து வைத்தாலோதான் உங்கள் பக்கம் பலவீனமாகிறது. உங்கள் கணவர் பாதுகாப்பு என்று நினைத்துச் சொன்ன யோசனை, உண்மையில் மூன்று யோசனைகளிலும் மோசமானது. அவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

உடைத்துத் தருகிறேன் என்பவர்கள்

2,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் அவர்கள் செய்யப்போவது உங்கள் அக்கா மகன் சொன்ன அதே வேலைதான்: இணையம் இல்லாமல் ஏற்றுவது. அடுத்த முறை ரீசெட் செய்யும் நாளில் அதே திரை மறுபடி வந்து நிற்கும். இன்னும் சிலர் மதர்போர்டில் உள்ள சிப்பில் சீரியல் எண்ணையே மாற்றி எழுதிவிடுவார்கள். அப்படிச் செய்துவிட்டால், நீங்கள் வாங்கிய மெஷின் இதுதான் என்று நாளைக்கு நிரூபிக்கும் ஒரே அடையாளமும் போய்விடும். சீரியலை அழித்த பழி மட்டும் உங்கள் வீட்டில் இருக்கும்.

அக்கா மகன் இன்னொரு யோசனையும் சொல்லக்கூடும்: உபுண்டு மாதிரி ஒரு லினக்ஸைப் போட்டுக்கொள்ளலாம் என்று. அது இலவசம், லைசென்ஸ் தொல்லையும் இல்லை, அந்தக் கம்பெனித் திரையும் வராது. பி.சி.ஏ. படிக்கிற பிள்ளைக்கு லினக்ஸ் பழகுவது நல்லதும்கூட. ஆனால் மெஷின் யாருடையது என்ற கேள்வியை லினக்ஸ் தீர்க்காது. பதில் தெரியும்வரை எதையும் ஏற்றாமல் இப்போதைய நிலையிலேயே அணைத்து வையுங்கள். அந்தத் திரைதான் உங்கள் சாட்சி. மகளுக்கு அதுவரை கல்லூரி லேபை விட்டால் வழியில்லை, சிரமம்தான்.

முதலில் எழுத வேண்டியது கம்பெனிக்கு

பலரும் நேராகக் கடையில் போய்ச் சண்டை போடுவார்கள். நான் சொல்வது, முதல் கடிதம் திரையில் பெயர் வந்த அந்த கம்பெனிக்குப் போகட்டும். பூட்டின் சாவி அவர்களிடம்தான் இருக்கிறது. அவர்களுடைய கணினிப் பிரிவில் ஒருவர் உட்கார்ந்து பதிவை நீக்கினால் போதும். அதற்குப் பிறகு விண்டோஸை ஏற்றினால் உங்கள் மகளின் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கேட்கும்.

எழுதுவதற்கு முன் சில படங்கள் எடுத்து வையுங்கள். கம்பெனிப் பெயர் தெரியும் திரை. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண். அப்புறம், ஆன் செய்தவுடன் எஃப்2 அல்லது எஃப்10 விசையை அழுத்தினால் (மாடலைப் பொறுத்து விசை மாறும்) பயாஸ் திரை, அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை, வரும். அதிலும் சீரியல் எண் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறுவேறாக இருந்தாலோ, அடியிலுள்ள ஸ்டிக்கர் சுரண்டப்பட்டிருந்தாலோ, கழித்து விற்ற மெஷின் என்ற நம்பிக்கையைக் குறைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

கம்பெனியின் மின்னஞ்சல் முகவரியை அவர்களுடைய அதிகாரபூர்வ வெப்சைட்டிலிருந்து எடுங்கள். கடைக்காரர் தரும் நம்பரில் பேச வேண்டாம். மகளே ஆங்கிலத்தில் எழுதட்டும், நாலு வரி போதும்: இந்த மாடல், இந்தச் சீரியல் எண் உள்ள லேப்டாப்பை இன்ன தேதியில் சேலத்தில் ஒரு கடையில் இவ்வளவு விலைக்கு வாங்கினோம், விண்டோஸ் ஏற்றும்போது உங்கள் நிறுவனத்தின் பெயர் வருகிறது, இது நீங்கள் கழித்து விற்றதுதான் என்றால் பதிவை நீக்கித் தாருங்கள், இல்லையென்றால் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். பதிலுக்கு யாராவது ஓ.டி.பி. கேட்டாலோ, நீக்குவதற்குக் கட்டணம் கேட்டாலோ, அது அந்தக் கம்பெனியாக இருக்காது.

"ஆமாம், நாங்கள் விற்றதுதான்" என்று சொல்லிப் பதிவை நீக்கிவிட்டால் உங்கள் பிரச்சினை அங்கேயே முடிந்தது. அந்த மின்னஞ்சலை அச்செடுத்து லேப்டாப் பையிலேயே வையுங்கள். பில்லைவிடப் பெறுமானம் உள்ள காகிதம் அது.

"காணாமல் போன மெஷின்" என்று பதில் வந்தால், அதை நீங்கள் வைத்துக்கொள்ள முடியாது. திருடியவனிடம் இல்லாத உரிமை அவனிடம் வாங்கியவருக்கும் வராது, காசு கொடுத்திருந்தாலும் சரி. அதற்காக யாரோ ஒருவர் கம்பெனி ஆள் என்று வந்து கேட்டதும் எடுத்து நீட்டிவிடாதீர்கள். அந்தப் பதில், பணம் கட்டிய விவரம், துண்டுச் சீட்டு எல்லாவற்றோடும் காவல் நிலையத்துக்குப் போய் எழுத்தில் புகார் கொடுத்து, அவர்கள் மூலமாக ஒப்படையுங்கள். மலையில் இருக்கிற உங்களுக்கு ஏற்காடு காவல் நிலையமே பக்கம். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையும், லேப்டாப்பை ஒப்படைத்ததற்கான ஒப்புதலையும் கேட்டு வாங்காமல் வெளியே வரக் கூடாது. நீங்களாகப் போய்ச் சொன்னவர் என்பதற்கு அதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது. 21,000 ரூபாய்க்கு அதன் பிறகு கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு வாரம் ஆகியும் பதிலே இல்லை என்றாலும் பரவாயில்லை. நீங்கள் விசாரித்தீர்கள் என்பதற்கு அந்த மின்னஞ்சலே சாட்சி. அடுத்து கடை.

ரப்பர் ஸ்டாம்பு எதுவரை செல்லும்?

"சாஃப்ட்வேருக்குப் பொறுப்பல்ல" என்ற வரியைப் பார்த்து நீங்கள் பாதி நம்பிக்கையை விட்டுவிட்டது கடிதத்தில் தெரிகிறது. விற்கிறவருக்கு அந்தப் பொருளை விற்கும் உரிமை இருக்க வேண்டும், வாங்கியவர் தொந்தரவில்லாமல் அதை அனுபவிக்க வேண்டும் என்பவை 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-வது பிரிவில் உள்ள உறுதிகள். எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அவை உண்டு. வேறொருவர் பெயரில் பூட்டப்பட்ட மெஷினை விற்பது சாஃப்ட்வேர் கோளாறு கணக்கில் வராது. ஃபார்மேட் செய்ததால் வாரண்டி போயிற்று என்பதும் நிற்காது: உங்கள் அக்கா மகன் பென்டிரைவைச் செருகுவதற்கு முன்பே அந்தப் பதிவு சர்வரில் இருந்தது. கம்பெனியிடமிருந்து பதில் வந்தால் அதிலேயே இது தெரிந்துவிடும்.

பழைய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். கடையில் காசு கொடுத்து உங்கள் உபயோகத்துக்கு வாங்கினால், பழையதானாலும் நீங்கள் நுகர்வோர்தான். பக்கத்து வீட்டுக்காரரிடமோ, ஆன்லைனில் தன் சொந்த லேப்டாப்பை விற்கும் தனிநபரிடமோ வாங்கியிருந்தால் கதை வேறு; அங்கே சிவில் நீதிமன்றம்தான் வழி. பில் தராதது உங்களுக்கு எதிரானதும் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் கொடுக்காமல் விற்பதே முறையற்ற வணிக நடைமுறை. ஜிபே பதிவும் ஸ்டாம்பு குத்திய சீட்டும் வாங்கியதற்கு ஆதாரமாகும். கையில் கொடுத்த 6,000 ரூபாயைச் சீட்டிலுள்ள தொகை ஈடுகட்டும். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், கடையில் "குடுங்க பார்க்கலாம்" என்று கேட்டால் ஜெராக்ஸை மட்டும் நீட்டுங்கள்.

கடைக்கு 15 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் எழுதுங்கள்: பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அல்லது இதே மதிப்புள்ள வேறு லேப்டாப்பை முறையான பில்லோடு தர வேண்டும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டு, அதையே படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். வக்கீல் நோட்டீஸ்தான் வேண்டும் என்று இல்லை. மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அங்கிருந்து ஒரு விசாரிப்பு வந்தவுடன் இறங்கி வருகிற கடைகள் உண்டு.

அதற்கும் அசையவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, நீங்களே வாதாடலாம், இ-ஜாக்ரிதி இணையதளத்தில் ஆன்லைனாகவும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலையிறங்கி வர முடியாது என்றால் காணொலி மூலம் விசாரிக்கக் கேட்டு மனுக் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: தீர்ப்பு வர மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் வருடம் தாண்டும். மகளின் படிப்பு அதுவரை காத்திருக்காது. கடைக்காரர் மாற்று லேப்டாப்புக்குச் சம்மதித்தால், என் யோசனை, அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான். பூட்டிய லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் சீரியல் எண்ணோடு "திரும்பப் பெற்றேன்" என்று எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் கடையில் விட்டுவிட்டு வரவே கூடாது. கம்பெனி தங்களுடையது காணாமல் போனது என்று சொல்லிவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். அப்போது அந்த மெஷின் போக வேண்டிய இடம் காவல் நிலையம்தான்.

மாற்று லேப்டாப் எடுக்கும்போது

அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு, மதியத்துக்கு மேல் நேரம் ஒதுக்கிப் போங்கள். கடையிலேயே, உங்கள் கண் முன்னால், லேப்டாப்பை முழுசாக ரீசெட் செய்யச் சொல்லுங்கள். வைஃபையை இணைத்துத்தான் முதல் அமைப்பைச் செய்ய வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். "நெட் அப்புறம் போட்டுக்கலாம்க்கா" என்று சொன்னால் அந்த மெஷினை வைத்துவிட்டு அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் கம்பெனியின் பெயரும் வராமல் திரை உங்கள் மகளின் சொந்தக் கணக்கைக் கேட்டு, உள்ளே போனபின் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருப்பதாகக் காட்ட வேண்டும். பயாஸுக்குள் பாஸ்வேர்டு கேட்காமல் போக முடிகிறதா என்றும் பாருங்கள்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே விண்டோஸ் 11 முறையாக ஓடுகிற மெஷினாக இருக்கட்டும்: இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர், கூடவே டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப். ஐந்தாம், ஆறாம் தலைமுறைப் பழசுக்கும் விண்டோஸ் 11 ஏற்றித் தருவார்கள், ஓடவும் செய்யும், ஆனால் மைக்ரோசாஃப்ட் அதை ஆதரிப்பதில்லை. மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த, அரசு முத்திரை உள்ள லேப்டாப்பைக் குறைந்த விலைக்குக் காட்டினால் தொடவே வேண்டாம். ஒரு வம்பிலிருந்து இன்னொன்றுக்குப் போன மாதிரி ஆகிவிடும்.

பில்லில் கடையின் பெயர், தேதி, தொகை, மாடலோடு சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். அக்கா மகன் அதை பயாஸ் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கையெழுத்துப் போட்டால் போதும்.

இதற்கிடையில் கம்பெனியிடமிருந்து என்ன பதில் வந்தாலும், புரியவில்லை என்றால் அதை அப்படியே எனக்கு அனுப்புங்கள்.